மான்களுக்குப் புல்நிலம் அமைத்தல்

மான்களுக்கு உணவளிக்கத் தானியமோ பயறோ பயிரிடல் வேண்டும் எனப் பலர் கருதுவர். நம் நாட்டின் அனுபவம் வேறாகும். மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாக் காட்டில் 1970-இல் சதுப்புநில மான்கள் ஏறத்தாழ 66 மட்டுமே எஞ்சியிருந்தன. கிராமங்கள் சில இடம் மாற்றப்பட்டு, அவற்றின் வயல்கள் புல்வெளிகளாயின. புல்லுக்குத் தீயிடுதலும் கட்டுப்படுத்தப்பட்டது. உயர்ந்து வளர்ந்த புல்லில் குட்டிகள் மறைந்து பிழைத்தன. இனம் பன்மடங்கு பெருகிற்று.

பங்காருபேட்டை போன்ற செம்மண் வட்டாரங்களில், வனத்துறையின் அனுமதி பெற்றுக் கையாளத்தக்க முறை வருமாறு:

1. உண்ணிச்செடியின் காய்கள் பழுக்குமுன், அதன் ஆணிவேரை நிலமட்டத்திற்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுக. மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

2. ஆழ உழுதல் கூடாது. மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். சரிவுக்குக் குறுக்கே மேலாகக் கிளறிவிடுதல் போதுமானது.

3. மழை தொடங்கியதும் கொழுக்கட்டைப்புல் முதலிய உள்ளூர்ப் புல்விதைகளை மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடுக.

4. புல் வேரூன்றும் வரை ஒரு பருவம் கால்நடைகள் மேயாவண்ணம் காக்க.

இடத்தேர்வு மிக முக்கியமானது. கேழ்வரகு வயலை அடுத்துப் புல்நிலம் அமைத்தால், மான்கள் வயலிலும் மேயப் பழகிவிடும். இழப்பு உழவருக்கு, பழியோ மானுக்கு.

ஆசிரியர்கள் பள்ளி வளாகத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்திற்கு முள்வேலியிட்டு, மழைக்குப்பின் வெளியிலுள்ள புல்லுடன் ஒப்பிடச் செய்யலாம். ஓய்வு பெற்ற நிலம் என்ன தரும் என்பதை மாணவர் தாமே காண்பர்.