குழாய் உடைவது எங்கே?

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா பக்கம் அக்டோபர் வந்தாலே மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். மோட்டார்ஹோம்னா கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. சக்கரம் வைத்த வீடுன்னே வச்சுக்கோங்க. கோடை முழுக்க ஊர் சுற்றிவிட்டு, குளிர்காலத்தில் அதை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழேகூடப் போகும். குழாயில் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால், ஏப்ரலில் பம்ப்பைப் போட்டதும் தரைக்கு அடியில் எங்கேயோ பீச்சியடிக்கும். உடைந்தது ஜனவரியில். அதுவரை ஓட்டையை ஐஸே அடைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் உடையுது? "ஐஸ் விரியும், குழாய் வெடிக்கும்" என்று சொல்லிவிடுவோம். பாதிதான் சரி. உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஆனா குழாயின் ஒரு முனை திறந்திருந்தால், ஐஸ் வளர வளரத் தண்ணீர் அந்தப் பக்கம் நகர்ந்து போய்விடும். நடுவில் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டு, அதற்கும் மூடியிருக்கிற டேப்புக்கும் இடையில் தண்ணீர் மாட்டிக்கொண்டால்தான் வில்லங்கம். தண்ணீரின் பருமக் குணகம் சுமார் 2.2 ஜிகா பாஸ்கல் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிச்சிருப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: குழாய் கொஞ்சமும் விரியாது என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு நெருக்கினாலே 22 பார் அழுத்தம் ஏறும். வண்டியின் பம்ப் கொடுப்பதோ 3, 4 பார்தான்.

நிஜத்தில் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்துகொடுத்துப் பெரும்பாலும் தப்பித்துவிடும். டேப், பம்ப்பின் தலைப்பகுதி, ஃபில்டர் கிண்ணம், கழிப்பறை வால்வு இதெல்லாம் விரிந்துகொடுக்காது. அதனால ஐஸ் பிடிப்பது ஓரிடம், விரிசல் விழுவது வேறிடம்.

இது புரிஞ்சா செய்முறை தானா வரும்: தண்ணீர் எங்கேயும் மாட்டிக்கொள்ளக் கூடாது. முதலில் வாட்டர் ஹீட்டர். அணைத்து, நன்றாக ஆறவிட்டு, சுடுநீர் டேப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் அதன் வடிகால் அடைப்பானைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிறகு தொட்டிகளைக் காலி செய்து எல்லா டேப்பையும் திறந்துவிடுங்க. வண்டிக்கு வெளியே இருக்கிற ஷவரைத்தான் பலரும் மறப்பார்கள். கம்ப்ரஸர் காற்றை 2 முதல் 3 பார் வரை வைத்து ஊதினால் மிச்சத் தண்ணீர் பெரும்பாலும் வெளியேறும். ஆனா பம்ப்புக்குள்ளும் பள்ளமான இடங்களிலும் கொஞ்சம் தங்கிவிடும்.

அதற்குத்தான் ஆன்டிஃப்ரீஸ். புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, பெரும்பாலும் ரோஸ் நிறம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குடிநீர்க் குழாய்ப் பக்கமே அது வரக் கூடாது. கார் கூலன்ட்டும் ரோஸ் நிறத்தில் கிடைப்பதால், நிறத்தை நம்பாம லேபிளைப் படிங்க. சுமார் 23 லிட்டர் பிடிக்கிற ஹீட்டர் தொட்டியை பைபாஸ் வால்வால் ஒதுக்கிவிட்டு, பம்ப்பின் உறிஞ்சுகுழாயை நேராக ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட வேண்டும். ஒவ்வொரு டேப்பாகத் திறந்து, ரோஸ் நிறம் வந்ததும் மூடலாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். கேனில் "மைனஸ் 50 ஃபாரன்ஹீட்" என்று போட்டிருப்பார்கள்; அதாவது சுமார் மைனஸ் 46 செல்சியஸ். அது உறைநிலை இல்லை! அந்த வகை மைனஸ் 10 செல்சியஸ் பக்கமே உறைய ஆரம்பித்துவிடும். முதலில் தண்ணீர் மட்டும் படிகமாகும். மிச்சத் திரவத்தில் கிளைக்கால் செறிவு கூடும். அதன் உறைநிலை இன்னும் இறங்கும். பிளஸ் டூவில் படித்த உறைநிலைத் தாழ்வுதான். கெட்டி அடைப்பு உருவாகாமல் கூழாகவே நிற்பதால் அழுத்தம் சிறைப்படாது. ஆனா தங்கிய தண்ணீர் கலந்து நீர்த்துப்போனா இந்த உத்தரவாதமும் போச்சு. அதனால டேப்பில் வெளிர் ரோஸ் வந்தவுடன் நிறுத்தாதீங்க, நல்ல அடர்நிறம் வரட்டும். தொட்டிக்கடியில் வளைந்திருக்கும் ஒவ்வொரு பி-டிராப்பிலும் ஒரு கப் ஊற்றிடுங்க.

ஏப்ரலில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஹீட்டர் சுவிட்ச் மேல இப்பவே ஒரு டேப் ஒட்டி "தொட்டி காலி"ன்னு எழுதி வைங்க. தண்ணீர் நிரப்பாம யாராவது போட்டா, ஹீட்டர் காயில் உடனே கருகிடும்.