தீப்பெட்டிப் படங்கள்

மாணவர்களே! மே மாதத்தில் முனிர்காவில் அனற்காற்று வீசத் தொடங்கியதும், உங்களுள் பலர் ஊருக்கு இரயில் ஏறுவீர்கள். உங்கள் வயதில் எனக்குக் கோடை என்றால், கோவில்பட்டிக்கு அருகில் இருந்த தாத்தாவின் கரிசற்காடுதான். எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் காடு என்பர். அங்கே புலி கிடையாது!

காலையில் கிணற்றில் நீச்சல், நண்பகலில் நுங்கு. நுங்கு தின்றபின் வெறுங்காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளினால் வண்டி உருளும். மாலையில் தீப்பெட்டிப் படம் சேர்ப்போம். கடைவாசலில் கிடக்கும் வெற்றுப் பெட்டிகளைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்துப் படத்தை உரித்து, நிழலில் உலர்த்துவோம். மயில், கப்பல், சாவி... ஒரே படம் இரண்டு இருந்தால் பண்டமாற்று நடக்கும்.

இப்படங்களுக்கு வரலாறு உண்டு. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தொழில் பெருகியது. பெட்டியில் ஒட்டப் படம் வேண்டுமே! அச்சகங்களும் அவ்வூரில் பெருகின. எழுத்தறியாதோர் படத்தின் பெயரைச் சொல்லியே தீப்பெட்டி வாங்கினர்.

தாத்தாவின் நிலம் பின்னர் விற்கப்பட்டது, கிணறும் தூர்ந்துவிட்டது. முனிர்காவில் என் அறையிலுள்ள பிஸ்கட் டப்பாவில் 83 படங்கள் இருக்கின்றன. மயில் படத்தின் பின்புறம் தாத்தா பென்சிலால் எழுதிய பருத்திக் கணக்கு இன்னும் அழியவில்லை.

அருஞ்சொற்பொருள்: புன்செய் – மழையை நம்பிப் பயிரிடும் நிலம், கவைக்கோல் – நுனி பிளவுபட்ட கோல், தூர்தல் – மண் நிரம்பி மூடுதல்.

செயல்பாடு: உங்கள் தாத்தா அல்லது பாட்டி சிறுவயதில் சேர்த்த பொருள் யாது? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.