எழுபத்தாறாம் வட அட்சரேகையும் அதன் பகலொளியும்

பூகோளப் படத்தை விரித்து நோக்குமிடத்து, பூமத்திய ரேகைக்கு இணையாக வடக்கேயும் தெற்கேயும் வரையப்பட்ட வட்டங்கள் பல நம் கண்ணிற்படுகின்றன. நிலத்திலேனும் நீரிலேனும் அக்கோடுகளைக் கண்டார் ஒருவருமிலர். ஆயினும் அவை ஒவ்வொன்றும் தன்மீதுள்ள இடங்களுக்கு இவ்வளவு பகல், இவ்வளவு இரவு என்று அளந்து கொடுக்கும் நியதியை உடையது. அவற்றுள் வடதுருவத்திற்கு அணித்தாகிய எழுபத்தாறாம் பாகை வட்டத்தை இங்கே ஆராயப் புகுகின்றோம். அதனைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அவ்வட்டத்தின் அருகே ஒரு பனிக்காலத்தில் கணக்கும் கண்ணும் தம்முள் மாறுபட்டன. அம்மாறுபாடு முற்றும் தெளிவதற்கு முந்நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது.

முதலில் வட்டத்தின் கிடக்கையை நோக்குவோம். பூமத்திய ரேகையின் சுற்றளவு ஏறக்குறைய 24,900 மைல். இவ்வட்டத்தின் சுற்றளவோ 6,000 மைல் அளவினதே. அங்கே ஒரு பாகை தீர்க்கரேகையின் அகலம் 69 மைல். இங்கே 17 மைல். இவ்வட்டத்தினின்றும் துருவம் 970 மைல் தொலைவிலுள்ளது. வட்டத்தின் பெரும்பகுதி உறைகடலின்மீதே செல்கின்றது. நிலங்களுள் ருஷியாவின் நோவாயா செம்லியாத் தீவையும் தைமீர் முந்நீரகத்தையும், கானடாவின் மெல்வில், பாதர்ஸ்ட், டெவன் முதலிய தீவுகளையும், கிரீன்லாந்தையும் அது கடக்கின்றது. கிரீன்லாந்தின் மேல்கரையில் சவிஸ்சிவிக் என்னுஞ் சிற்றூர் ஏறத்தாழ இவ்வட்டத்தின்மீதே அமைந்துள்ளது. ஏனைய இடங்களில் மனிதர் குடியிருப்பு மிக அரிது.

இனி ஒளியின் கணக்கிற்கு வருவோம். பூமியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருத்தலின், ஓராண்டில் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே அவ்வளவும் தெற்கே அவ்வளவும் செல்வதாகத் தோன்றுகின்றது. எழுபத்தாறாம் பாகையினின்றும் துருவத்திற்கு எஞ்சிய தூரம் 14 பாகை. ஆதலின் சூரியன் 14 பாகைக்கு மேல் வடக்கே ஏறியிருக்குங் காலமெல்லாம் அங்கே அஸ்தமனமில்லை. அவ்வளவு தெற்கே இறங்கியிருக்குங் காலமெல்லாம் உதயமில்லை. ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரந் தொடங்கி ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் வாரம் வரையில் ஏறக்குறைய 115 நாள் சூரியன் வானத்தைச் சுற்றிவருகின்றதேயன்றி மறைவதில்லை. ஜூன் 21ஆம் தேதியளவில் அது நண்பகலில் 37 பாகை உயரத்திலும், நள்ளிரவில் 9 பாகை உயரத்திலும் நிற்கும். நவம்பர் மாதத் தொடக்கமுதல் பிப்ரவரி 8ஆம் தேதியளவும் ஏறக்குறைய 96 நாள் அதன் முகம் தோன்றுவதில்லை. எனினும் அக்காலம் முழுவதும் கரிய இருளே என்று எண்ணுதல் தவறு. டிசம்பர் நடுவிலும் நண்பகலிற் சூரியன் அடிவானத்திற்குக் கீழே 9½ பாகை அளவிலேயே நிற்றலின், தென்திசையில் மங்கிய அந்தியொளி ஒன்று தோன்றி மறையும்.

வெயில்நாள் 115 ஆகவும் இருள்நாள் 96 ஆகவும் இருப்பதேன் என்று மாணாக்கர் வினவலாம். காரணம் மூன்று. சூரியன் புள்ளியன்று, வட்டம். அதன் மேல்விளிம்பு தோன்றினும் அது பகலே. இரண்டாவது, வளிமண்டலம் கதிரை வளைத்து, அடிவானத்திலுள்ள சூரியனை அரைப்பாகையளவு உயர்த்திக் காட்டுகின்றது. மூன்றாவது, பூமியின் சுற்றுவழி நீள்வட்டமாதலின் வடபுலத்துக் கோடைப்பாதி பனிக்காலப் பாதியினுஞ் சில நாள் நீண்டது. எனவே ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்ப்பின், பூமத்திய ரேகைக்கு அணித்தாக வாழும் நம்மைக் காட்டிலும் அவ்விடத்தார் பெறும் பகல்நேரம் சிறிது மிகுதியேயாம்! ஆயின் அங்கே குளிர் மிகுவானேன்? கதிர்கள் சாய்ந்து விழுதலால் ஒரே வெப்பம் அகன்ற நிலத்திற் பரவுகின்றது. விழுந்ததிலும் பெரும்பங்கைப் பனி திருப்பி அனுப்பிவிடுகின்றது. ஒளி கிடைப்பது வேறு, அது தங்குவது வேறு.

இக்கணக்கை நன்கறிந்த மாலுமி ஒருவர் இருந்தார். அவர் ஹாலந்து தேசத்து வில்லெம் பாரென்ட்ஸ். வடகடல்வழியே சீனத்திற்குச் செல்லும் பாதையைத் தேடி 1596ஆம் ஆண்டிற் புறப்பட்ட அவரது கப்பல், நோவாயா செம்லியாவின் வடகீழ்க்கரையில், ஏறக்குறைய இவ்வட்டத்தின் மீதே, பனிக்கட்டியில் அகப்பட்டுக்கொண்டது. அவருள்ளிட்டு அங்கிருந்தோர் 17 பேர். கப்பற் பலகைகளாலும் கடலில் மிதந்துவந்த மரங்களாலும் அவர்கள் ஒரு வீடு கட்டினர். அவ்வேலை முடியுமுன்னரே தச்சர் இறந்தார். நவம்பர் மாதத் தொடக்கத்திற் சூரியன் மறைந்தது. குளிரால் கடிகாரம் நின்றுவிட, 12 மணி நேரத்து மணற்கடிகையைக் கொண்டு நாட்களை எண்ணிவந்தனர்.

1597ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, கெரிட் டெ வேர் என்பவரும் வேறிருவரும் கடற்கரையில் நின்றபொழுது சூரியனின் விளிம்பைக் கண்டனர். ஓடிவந்து சொன்னார்கள். பாரென்ட்ஸ் நம்பவில்லை, ஏனெனில் அவரது கணக்கின்படி சூரியன் தோன்ற இன்னும் ஏறக்குறைய 14 நாள் இருந்தது. பின் 27ஆம் தேதி சூரியன் முழுவட்டமாகவே தோன்ற, ஐயம் வேறு பக்கம் திரும்பிற்று. நாள் எண்ணியதிற் பிழை நேர்ந்ததோ? டெ வேர் அதனையும் சோதித்தார். சந்திரனும் வியாழனும் கூடிய வேளையைத் தம்மிடமிருந்த வானநூற் கணக்கோடு ஒப்பிட்டு, தேதியிற் பிழையில்லை எனக் கண்டார்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் இரண்டு திறந்த படகுகளிற் புறப்பட்டனர். சில நாட்களுக்குள், ஜூன் 20ஆம் தேதி, பாரென்ட்ஸ் உயிர்துறந்தார். நவம்பர் முதல் தேதி ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தவர் 12 பேரே. 1598இல் டெ வேர் தமது குறிப்பை நூலாக வெளியிட்டார். கற்றோர் பலர் அதனை ஐயுற்றனர். டெ வேரோ தாம் எழுதியதை மாற்றவில்லை.

1604ஆம் ஆண்டில் கெப்ளர் என்னும் பெரியார், இதற்குக் காரணம் வளிமண்டலத்தில் ஒளி வளைதலே எனக் கொண்டு ஆராய்ந்தார். 1871ஆம் ஆண்டில் நார்வே தேசத்து எல்லிங் கார்ல்சென் அவ்வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கே எடுக்கப்பட்ட பொருள்கள் பல ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் காட்சிசாலையில் உள்ளன. காட்சியின் நுட்பத்தை 1979இல் கானடாவைச் சேர்ந்த லேன் என்னும் அறிஞர் கணிதவழியே விளக்கினார். பனியின்மேற் படிந்த காற்று மிகக் குளிர்ந்தும், அதன் மேலுள்ள காற்று வெப்பமுற்றும் இருக்குங்கால், கதிரானது அவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டு, பூமியின் வளைவைத் தழுவிப் பன்னூறு மைல் செல்லக்கூடும். அந்நாளிற் சூரியன் உண்மையில் அடிவானத்திற்குக் கீழே 5 பாகை அளவில் இருந்தது. டெ வேர் கண்டது அதன் கானலுருவத்தை.

ஆகவே பாரென்ட்ஸின் கணக்கும் பொய்யன்று. டெ வேரின் கண்ணும் பொய்யன்று. இரண்டிற்கும் நடுவே காற்று நின்றது; அதனை ஒருவரும் கணக்கிற் சேர்த்திலர். நாமும் ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும்போது, புத்தகத்தில் உள்ள விடைக்கு ஒவ்வாத எண்ணை மெல்ல அழித்துவிட்டு, ஒத்த எண்ணை எழுதிவைக்கும் ஆசைக்கு உட்படுதலுண்டு. டெ வேர் அவ்வாறு ஒரு தேதியை மாற்றி எழுதியிருப்பின், அவரை ஐயுறுவார் ஒருவருமிரார். நாம் ஓர் உண்மையை இழந்திருப்போம். கண்டதைக் கண்டவாறே எழுதுக. எழுதுமுன் நாளையும் கருவியையும் சோதித்துக்கொள்க. விளக்கம் நம் காலத்தில் வாராதொழியினும், குறிப்பு அதன் வரவிற்குக் காத்திருக்கும்.