மறைந்திருக்கும் ஒழுங்கு

நீர் பனிக்கட்டியாகும்போது மூலக்கூறுகள் ஒழுங்குபடுகின்றன. இரும்பை 770° செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் அணுக்காந்தங்களின் ஒழுங்கு குலைகிறது. இவை நாம் பாடத்தில் கண்ட நிலைமாற்றங்கள். எது ஒழுங்குபடுகிறது என்றே தெரியாத நிலைமாற்றமும் உண்டு என்றால் நண்பர்கள் வியப்படையக்கூடும்.

யுரேனியம், ருத்தீனியம், சிலிக்கான் மூன்றும் சேர்ந்த ஒரு படிகம் இருக்கிறது. இது 'கன ஃபெர்மியான்' பொருள்களில் ஒன்று. சேற்று வயலில் நடப்பவனுக்குக் கால் கனப்பதுபோல, இப்பொருள்களில் கடத்து எலக்ட்ரான்கள் அணுக்களின் எஃப் எலக்ட்ரான்களோடு பிணைந்து நிறை மிகுந்தவைபோல் இயங்குகின்றன. அந்த நிறையை அளக்கத் தன்வெப்பமே தராசு. ஆய்வுக்கூடத்தில் கலவை முறையில் நாம் சலிப்போடு காணும் அதே தன்வெப்பந்தான்! அதில் எலக்ட்ரான்களின் பங்கைக் குறிக்கும் கெழு தாமிரத்திற்குச் சுமார் 0.7, சீரியம்-அலுமினியச் சேர்மம் ஒன்றில், 1975இல், அதே அலகில் 1620 என்று கண்டனர்.

நம் யுரேனியப் படிகத்தின் தன்வெப்பம் 17.5 கெல்வினில் திடீரெனத் தாவுகிறது. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் 1985இல் இதை வெளியிட்டபோது, காந்த ஒழுங்கே காரணம் என்று கருத இடமிருந்தது. ஆனால் நியூட்ரான் சிதறல் காட்டிய காந்தத் திருப்புத்திறனோ, யுரேனிய அணு ஒன்றுக்கு வெறும் 0.03 போர் மேக்னட்டான். அவ்வளவு பெரிய தாவலுக்கு இது போதவே போதாது. அதுவும் படிகத்தின் உள் தகைவால் வந்த கலப்படம் என்றே பின்னர் கருதப்பட்டது. ஆகவே 'மறைந்த ஒழுங்கு' என்று பெயரிட்டனர்.

குளிர்வித்துப் பார்த்துப் பிடிபடாததைக் காந்தப்புலத்தால் அசைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 35 டெஸ்லாவில் அந்த ஒழுங்கு அழிகிறது. ஏன் இவ்வளவு புலம்? தோராயமாக நாமே கணக்கிடலாம். ஒரு போர் மேக்னட்டானுக்கு 35 டெஸ்லாவில் கிடைக்கும் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் 23.5 கெல்வின். இது 17.5க்கு ஒத்த அளவே. 0.03 மேக்னட்டானுக்கோ 0.7 கெல்வின்தான்!

ஒழுங்கு அழிந்ததும் படிகம் நேரே எளிய நிலைக்குப் போய்விடுவதில்லை. சுமார் 39 டெஸ்லா வரை வேறொரு நிலை குறுக்கிடுகிறது. நொடியின் சிறு பகுதியே நிற்கும் துடிப்புப் புலத்தில் நியூட்ரான்களைச் செலுத்தி, அது தற்சுழற்சி அடர்த்தி அலை என்று 2016இல் காட்டினர். அதற்கும் மேலே அணுக்காந்தங்கள் புலத்தின் திசையில் திரும்பிவிடுகின்றன. இரு பக்கத்து நிலைகளும் விளங்கிவிட்டன. 35 டெஸ்லாவுக்குக் கீழே இருப்பது எது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.