கம்பைலர் மேல் பழி வேண்டாம்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பழைய சி++ மென்பொருள் ஒன்றை விண்டோஸில் ஜிசிசி கம்பைலர் வைத்து பில்ட் செய்கிறோம். மொத்தம் 1,200 சோர்ஸ் கோப்புகள். ஒவ்வொன்றும் ஒழுங்காக கம்பைல் ஆகிறது. கடைசியில் லிங்க் செய்யும்போது, கட்டளை மிக நீளம் என்று சொல்லி நின்றுவிடுகிறது. கம்பைலரை மாற்றலாமா, லினக்ஸுக்கே போய்விடலாமா? எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்பில் இன்க்ளூட் செய்துவிடு என்கிறார் நண்பர்.
– ஒரு வாசகர்

பதில்: கம்பைலர் பாவம், அதன் கைக்கு உங்கள் கட்டளை போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே விண்டோஸ் மறித்துவிட்டது. கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு கட்டளை 8,191 எழுத்துகளைத் தாண்ட முடியாது. அதைத் தவிர்த்து நிரலை நேரடியாகத் தொடங்கினாலும் 32,767தான் உச்சம். ஃபோல்டர் பெயரோடு சேர்த்து ஒரு கோப்புக்கு 40 எழுத்து என்று வைத்தாலே உங்களுக்கு 48,000 ஆகிறது.

இதற்கு ரெஸ்பான்ஸ் ஃபைல் என்றொரு பழைய வழி உண்டு. ஆப்ஜெக்ட் கோப்புகளின் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பெயரை மட்டும் முன்னால் @ போட்டுக் கட்டளையில் கொடுங்கள். ஜிசிசி, கிளாங், விஷுவல் சி++ எல்லாமே இதை ஏற்கும்.

பலர் சறுக்குவது அந்தப் பட்டியலை எழுதும் இடத்தில்தான். மேக் என்ற பில்ட் கருவிக்கான மேக்ஃபைலில் எக்கோ கட்டளையால் எழுதினால், அந்த எக்கோவே அளவு மீறிப் போய் மறுபடி அதே பிழை வரும். குனூ மேக் 4.0 முதல் ‘ஃபைல்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஷெல்லைத் தொடாமல் மேக்கே எழுதிவிடும். இன்னொன்று, ரெஸ்பான்ஸ் ஃபைலுக்குள் வரும் பேக்ஸ்லாஷை ஜிசிசி விழுங்கிவிடும். பாதைகளை முன்சாய்ந்த கோட்டால் (/) எழுதுங்கள். சிமேக், நிஞ்சா என்ற பில்ட் கருவிகள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி எதுவும் உங்களுக்கு இல்லை.

நண்பர் சொல்வது யூனிட்டி பில்ட். செய்தால் பிழை போய்விடும், உண்மைதான். ஆனால் இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் ஸ்டாடிக் ஃபங்ஷன் இருந்தால் மோதும். பழைய மென்பொருளில் அப்படி இல்லாமல் இருக்காது. ஒரு வரி திருத்தினாலும் முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டும். சிமேக்கின் யூனிட்டி வசதிகூட, நாம் வேறு எண் கொடுக்காவிட்டால், 8 கோப்புகளாகத்தான் சேர்க்கிறது. 1,200ஐயும் ஒன்றாக்குவது முரட்டுத்தனம்.

லினக்ஸில் கட்டளை நீளத்துக்கு இடம் தாராளம். வழக்கமாக மொத்தம் 2 எம்பி வரை போகலாம். ஆனால் தனி ஆர்கியுமென்ட் ஒன்றுக்கு 128 கேபிதான். மேக் ஒரு கட்டளையை ஷெல்லிடம் கொடுக்கும்போது முழுவதையும் ஒரே ஆர்கியுமென்ட்டாகக் கொடுக்கிறது. ஆகவே கோப்புகள் பெருகினால் அங்கேயும் முட்டும். ரெஸ்பான்ஸ் ஃபைலை இப்போதே செய்துவிடுங்கள், லினக்ஸுக்குப் போனாலும் அது அப்படியே உதவும்.