நீரின் நிலைமாற்றம்: வெப்பம் கொடுத்தும் வெப்பநிலை ஏறாதது ஏன்?

வெப்பம் பற்றிய வினாக்களில் மாணவர்கள் பலர் புள்ளிகளை இழக்கும் இடம் ஒன்று உண்டு. "ஒரு பொருளுக்கு வெப்பம் வழங்கினால் அதன் வெப்பநிலை உயரும்" என்பதை எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருத்திப் பார்ப்பதே அதுவாகும். நிலை மாறும்போது இக்கூற்று பொருந்தாது. இப்பாடத்தைக் கற்றபின் அதற்கான காரணத்தை நீங்களே விளக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

1. நிலைமாற்றங்கள்

வெப்பம் உறிஞ்சப்படுபவை:
• உருகல் – திண்மம் திரவமாதல் (பனிக்கட்டி → நீர்)
• ஆவியாதல் – திரவம் வாயுவாதல் (நீர் → நீராவி)

வெப்பம் வெளிவிடப்படுபவை:
• ஒடுங்கல் – வாயு திரவமாதல் (நீராவி → நீர்)
• உறைதல் – திரவம் திண்மமாதல் (நீர் → பனிக்கட்டி)

வளிமண்டல அமுக்கத்தில் தூய பனிக்கட்டியின் உருகுநிலை 0 பாகை செல்சியஸ். கடல் மட்டத்தில் தூய நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ்.

2. வெப்பமேற்றல் வரைபு

−10 பாகையிலுள்ள பனிக்கட்டித் தூளை முகவையொன்றில் இட்டு, கலக்கியவாறு சீரான வீதத்தில் வெப்பமேற்றுவதாகக் கொள்க. கிடை அச்சில் நேரத்தையும் நிலைக்குத்து அச்சில் வெப்பநிலையையும் குறித்தால் வரைபில் நான்கு பகுதிகள் கிடைக்கும்.

அ) −10 இலிருந்து 0 வரை: பனிக்கட்டியின் வெப்பநிலை உயரும். கோடு சரிவானது.
ஆ) 0 பாகையில்: பனிக்கட்டி உருகும். முழுவதும் உருகி முடியும்வரை வெப்பமானியின் வாசிப்பு மாறாது. கோடு கிடையானது.
இ) 0 இலிருந்து 100 வரை: நீரின் வெப்பநிலை உயரும். கோடு மீண்டும் சரிவானது.
ஈ) 100 பாகையில்: நீர் கொதித்து ஆவியாகும். கோடு மீண்டும் கிடையானது.

கிடையான பகுதிகளிலும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவ்வெப்பம் எங்கே போகிறது?

3. துணிக்கைக் கொள்கையின்படி விளக்கம்

வெப்பநிலை என்பது துணிக்கைகளின் சராசரி இயக்கசக்தியைக் காட்டுவது. சரிவான பகுதிகளில், வழங்கப்படும் வெப்பம் இவ்வியக்கசக்தியைக் கூட்டுகிறது. ஆகவே வெப்பநிலை உயர்கிறது. கிடையான பகுதிகளிலோ அவ்வெப்பம் மூலக்கூறுகளுக்கிடையேயான கவர்ச்சி விசைகளை மேற்கொள்வதற்கே செலவாகிறது. சராசரி இயக்கசக்தி மாறாததால் வெப்பநிலையும் மாறுவதில்லை. வெப்பமானிக்குத் தென்படாமல் மறைந்திருப்பதால் இதனை மறைவெப்பம் என்கிறோம்.

குளிரச் செய்யும்போது இவையனைத்தும் எதிர்த்திசையில் நிகழும். உறிஞ்சிய அதே அளவு மறைவெப்பம் வெளிவிடப்படும்.

4. கணித்தல்

−10 பாகையிலுள்ள 100 கிராம் (0.1 கிலோகிராம்) பனிக்கட்டியை 100 பாகையிலுள்ள நீராவியாக மாற்றத் தேவையான வெப்பத்தைக் காண்க.

தரவுகள்:
பனிக்கட்டியின் தன்வெப்பக் கொள்ளளவு: ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 2100 யூல்
நீரின் தன்வெப்பக் கொள்ளளவு: ஒரு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 4200 யூல்
உருகலின் தன்மறைவெப்பம்: ஒரு கிலோகிராமுக்கு 336 000 யூல்
ஆவியாதலின் தன்மறைவெப்பம்: ஒரு கிலோகிராமுக்கு 2 260 000 யூல்

வெப்பநிலை மாறும்போது: வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
நிலை மாறும்போது: வெப்பம் = திணிவு × தன்மறைவெப்பம்

அ) 0.1 × 2100 × 10 = 2100 யூல்
ஆ) 0.1 × 336 000 = 33 600 யூல்
இ) 0.1 × 4200 × 100 = 42 000 யூல்
ஈ) 0.1 × 2 260 000 = 226 000 யூல்
மொத்தம் = 303 700 யூல்

விடையை ஒருமுறை உற்று நோக்குக. மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடைசிப் படிக்கே செலவாகிறது. எனவே வரைபு வரையும்போது 100 பாகையிலுள்ள கிடைக்கோட்டை 0 பாகையிலுள்ளதைவிட மிக நீளமாக வரைக.

5. அன்றாட வாழ்வில்

• நீர் கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பைக் கூட்டி எரித்தாலும் திறந்த பானையிலுள்ள நீர் 100 பாகையைத் தாண்டாது. நீர் விரைவாக வற்றும், எரிபொருளும் வீணாகும். சோறு விரைவில் வேகாது. கொதித்தபின் தீயைக் குறைப்பதே சிக்கனம்.

• கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் குறைவு. அங்கு நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். எனவே பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரில் அமுக்கம் கூடுவதால் கொதிநிலையும் உயரும், உணவு விரைவில் வேகும்.

• நீராவிப் புண் கொதிநீர்ப் புண்ணைவிடக் கடுமையானது. 100 பாகையிலுள்ள 1 கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலையான 37 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடுவது ஏறத்தாழ 265 யூல். 1 கிராம் நீராவியோ தோலில் ஒடுங்கும்போதே 2260 யூலை வெளிவிட்டு, அதன்பின்னரே மேற்சொன்ன 265 யூலையும் வெளிவிடுகிறது. ஆகவே கொதிக்கும் பானையின் மூடியை உங்கள் பக்கமாகத் திறவாதீர்கள். மறுபக்கத்தை உயர்த்தி, ஆவியை அப்பால் செல்லவிடுங்கள்.

• மண்பானை நீர் குளிர்வது, பானையின் நுண்துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து மறைவெப்பத்தை எடுத்துக்கொள்வதாலாகும்.

6. கவனத்திற் கொள்க

• ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவ மேற்பரப்பில் நிகழும். கொதித்தல் கொதிநிலையில் திரவம் முழுவதிலும் நிகழும். உப்பளங்களில் கடல்நீர் கொதிக்காமலே வற்றுவதை நினைவிற் கொள்க.
• கேத்தல் வாயிலுக்குச் சற்று அப்பால் தெரியும் வெண்புகை நீராவி அன்று. அது ஒடுங்கிய நுண்ணிய நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது.
• தன்மறைவெப்பச் சமன்பாட்டில் வெப்பநிலை மாற்றத்தைப் பெருக்க வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. 0 பாகையிலுள்ள 200 கிராம் பனிக்கட்டி 0 பாகையிலுள்ள நீராக மாறத் தேவையான வெப்பம் யாது?
2. குளிர்பானத்தைக் குளிரச் செய்ய, 0 பாகையிலுள்ள நீரைவிட அதே திணிவுடைய 0 பாகையிலுள்ள பனிக்கட்டி சிறந்தது. ஏன்?
3. பனிக்கட்டி இட்ட கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவது எவ்வாறு?

விடைகள்

1. 0.2 × 336 000 = 67 200 யூல்.
2. பனிக்கட்டி உருகும்போது பானத்திலிருந்து மறைவெப்பத்தையும் உறிஞ்சும். 0 பாகை நீருக்கு அது இல்லை.
3. வளியிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வெப்பத்தை இழந்து ஒடுங்குவதால்.