கருவை முள்ளும் டிராக்டர் சிப்பரும்

பரமக்குடியிலிருந்து நயினார்கோவில் போகிற வழியில் ஒரு தரிசு. சித்திரை வெயிலில் சீமைக் கருவையை வெட்டி, கிளைகளைச் சில்லாக்கும் சிப்பர் மிஷினில் அரைத்துக்கொண்டிருந்தோம். கிளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். அடுத்த கிளையின் முள் அந்தத் துண்டைக் கொத்திக்கொண்டது. சிப்பரின் உருளைகள் கிளையை இழுக்க, கிளை துண்டை இழுத்தது. "அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று அவன் கத்தி முடிப்பதற்குள் துண்டு நூல் நூலாக மறுபக்கம் வந்து விழுந்துவிட்டது. தோளில் சும்மா கிடந்த துண்டு, அதனால் உருவிக்கொண்டு போனது. கழுத்தில் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சிப்பரில் வேப்பங்கிளையை விடுவது வேறு, சீமைக் கருவையை விடுவது வேறு. வேம்பு கையிலிருந்து நழுவிப் போய்விடும். கருவை தூண்டில் மாதிரி. போகிறபோது நம்மையும் மாட்டி இழுக்கும். அந்த நாளுக்குப் பிறகு என் வண்டிப் பக்கம் லுங்கி, துண்டு, தொளதொளத்த சட்டை, கையில் கயிறு எதுவும் வரக் கூடாது. கையுறை மணிக்கட்டோடு ஒட்டியிருக்க வேண்டும்; வாய் அகன்ற கையுறையில் முள் நுழைந்தால் கையைச் சட்டென்று உருவ முடியாது. செருப்பைக் கருவை முள் சுலபமாகத் துளைத்துவிடும், அதனால் தடித்த ஷூ. கண்ணாடி போடாமல் யாரும் நிற்கக் கூடாது.

கிளையை அடிப்பக்கம் முதலில் வருகிறாற்போல் விடுங்கள். அப்போதுதான் கவைகள் மடங்கிக்கொண்டே உள்ளே போகும்; நுனியை முதலில் விட்டால் கவை விரிந்து வாயில் முட்டிக்கொள்ளும். வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். உருளை கிளையைப் பிடித்த நொடியில் கையை விட்டுவிட்டு ஓரடி விலகிவிட வேண்டும். துண்டு துக்காணி மிச்சத்தைக் கையாலோ காலாலோ தள்ளவே கூடாது. அடுத்து வரும் நீளக் கிளையின் மேல் வைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் நீளக் கம்பால் தள்ளுங்கள். உருளையை நிறுத்துகிற கம்பி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் கிளை விடும் முன்பே பார்த்துவிடுங்கள். உருளை இல்லாத சிறிய மிஷின்களில் கத்தியே கிளையை இழுக்கும். அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

அடைத்துக்கொண்டால் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் கத்திச் சக்கரம் வெகுநேரம் சுற்றும். அது முழுதாக நிற்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

டிராக்டரைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் சிப்பரை ஓட்ட, டிராக்டரின் பின்பக்கச் சுழல்தண்டான பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகம் வந்த பிறகே முதல் கிளை. பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்று வேலையே வேண்டாம். கருவையின் இலை பொடிப்பொடியானது. காற்றில் பறந்து ரேடியேட்டர் வலையில் அப்பிக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலில் அரை நாளிலேயே இன்ஜின் கொதித்துவிடும். மணிக்கொரு தரம் நிறுத்தித் துடைக்கிறேன். தண்டில் சுமை கூடும்போது உடைந்துபோவதற்கென்றே ஒரு போல்ட் இருக்கும். அது அடிக்கடி உடைகிறதே என்று ஒருமுறை கெட்டியான போல்ட்டை மாட்டினேன். போல்ட் தாங்கியது, கியர் பெட்டி போய்விட்டது.

கத்தி மழுங்கினால் மிஷினே சொல்லிவிடும்: சில்லு வராமல் நாரும் தூளுமாக வரும், டிராக்டர் முக்கும். கண்மாய்க்குள் வெட்டிய மரத்தைக் களிமண்ணில் இழுத்துவந்து அப்படியே விட்டால் ஒரே நாளில் கத்தி போய்விடும். அடிமரத்தைத் தட்டித் துடைத்து விடுங்கள். வரப்போர மரங்களில் பழைய முள்கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும், பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு விடுங்கள்.

பருத்த கட்டைகளை நான் அரைப்பதில்லை. அவை கரிமூட்டத்துக்குப் போகட்டும், அங்கேதான் அவற்றுக்கு விலை. முன்பெல்லாம் வயலிலேயே கொளுத்தப்பட்ட முள் கொப்புகளுக்குத்தான் சிப்பர். கருவை விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் தென்மாவட்டங்களில் உண்டு. வாங்க ஆள் இருந்தால் சில்லு அங்கே போகும். பச்சைச் சில்லை உயரமாகக் குவிக்காதீர்கள், உள்ளே சூடேறிப் புகையத் தொடங்கும். மிளகாய் நாற்றங்காலுக்குக் கருவைச் சில்லு ஆகாது, அதன் இலைச்சாறு விதை முளைப்பதைக் கெடுக்கும். வளர்ந்த மா, கொய்யா மரங்களைச் சுற்றி, தண்டைத் தொடாமல் மண்ணின் மேல் பரப்பலாம். மண்ணோடு கலந்து உழுதால் மக்கும்போது தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். காய் முற்றிய கிளையைத் தோட்டத்துக்கு அரைக்கவே வேண்டாம். கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதை தப்பித்து முளைக்கும்.

சீமைக் கருவை மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1870-களில் விறகுக்கென்று வெள்ளைக்கார வனத்துறை சென்னை மாகாணத்துக்கு விதை வரவழைத்தது. 2017-இல் இதை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு எங்கள் மாவட்டம் முழுக்க வேகவேகமாக வெட்டினார்கள். தரைக்கு மேல் வெட்டிய இடமெல்லாம் அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது. ஒற்றைத் தண்டாக நின்ற மரம் பத்துக் கொப்பாக எழுந்து நின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் தூரைப் பிடுங்காமல் சிப்பரை மட்டும் கூப்பிடுகிறவருக்கு இரண்டே வருடத்தில் நான் மறுபடி வர வேண்டியிருக்கும். ஜே.சி.பி.யையும் சேர்த்துப் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றே நிலக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அவர்களிடம் கேட்கிறேன். வேலைக்கு வருகிற ஆளுக்கு ஒரு பேன்ட்டும் ஷூவும் வாங்கிக் கொடுங்கள். வாங்கும் வரை நான் டிராக்டரைக் கிளப்புவதில்லை.